கத்திக்கு முன்னாடி ஊசி: மார்பகக் கட்டியும் ஸ்கேன் பார்த்து எடுக்கும் பயாப்ஸியும்

"கட்டின்னு தெரிஞ்சிடுச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு, எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பினா ஆச்சு. நடுவுல எதுக்கு ஒரு ஊசி?"

பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, அரூர் பக்கம் மார்பகக் கட்டி பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கூடவே இன்னொன்றும் வரும்: "ஊசி போட்டுக் கிளறினா பரவிடும்." இரண்டுமே அறியாமையில் கேட்கும் கேள்விகள் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். அதனால்தான் இவற்றுக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் தேடிப் படித்தேன். நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். இது என் படிப்புக் குறிப்பு. வைத்தியத்துக்கு உங்கள் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். பயாப்ஸி என்பது "கேன்சரா, இல்லையா" என்று மட்டும் சொல்கிற டெஸ்ட் இல்லை. எந்த வைத்தியம் முதலில், எது அடுத்து என்ற வரிசையையே அதுதான் தீர்மானிக்கிறது. வரிசையைத் தீர்மானிக்கிற ஒன்றை வரிசையின் கடைசியில் வைக்க முடியாது, இல்லையா?

மயக்கத்துக்குப் போகும்போது தெரியாது

வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் ஒரு காலத்தில் உலகம் முழுக்க நடைமுறை. நோயாளிக்கு மயக்கம் கொடுப்பார்கள். கட்டியை எடுத்து, அங்கேயே உறைய வைத்து, மெல்லிய சீவலாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கேன்சர் என்றால், அதே மயக்கத்திலேயே மார்பகம் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். மேஜையில் படுக்கும் பெண்ணுக்கு, கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா இருக்காதா என்று தெரியாது.

அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு 1974 செப்டம்பர் 28 அன்று இப்படித்தான் நடந்தது. அதே வருஷம் தனக்கு ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்த ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் இதை எதிர்த்துக் கிளம்பினார். அவர் கேட்டது ரொம்ப எளிமையான விஷயம்: முதலில் டெஸ்ட் பண்ணுங்க, முடிவை என்கிட்ட சொல்லுங்க, அப்புறம் பேசி ஆபரேஷனை முடிவு பண்ணலாம். 1979-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டு கட்ட முறைதான் சரி என்று சொன்னது.

அப்போதும் அந்த முதல் கட்டம் பெரும்பாலும் ஒரு சின்ன ஆபரேஷனாகத்தான் இருந்தது. அதை ஊசியாக மாற்றியவை இரண்டு கருவிகள். ஒன்று, 1980-களில் ஸ்வீடனில் உருவான, விசையில் பாயும் பயாப்ஸி ஊசி. இன்னொன்று, அந்த ஊசி எங்கே போகிறது என்று காட்டும் அல்ட்ராசவுண்ட். இரண்டையும் சேர்த்து மார்பகத்தில் பயன்படுத்திய முக்கியமான ஆய்வை அமெரிக்காவின் ஸ்டீவ் பார்க்கர் குழுவினர் 1993-ல் வெளியிட்டார்கள்.

நம்ம மாவட்டமும் ஸ்கேனும்

தர்மபுரி, சேலம் பகுதியில் "ஸ்கேன்" என்ற சொல்லுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. கருவில் என்ன குழந்தை என்று பார்க்க ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது என்று 1994-ல் சட்டம் வந்தது. இன்றைக்கும் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் அந்த அறிவிப்புப் பலகையைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் பெண் குழந்தைக்கு எதிராகத் திருப்பப்பட்ட அதே மெஷின்தான், இன்றைக்குப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் வைத்தியத்தின் முதல் படியில் நிற்கிறது.

மெஷின் ஒன்றுதான் என்றாலும், உடம்பில் வைத்துப் பார்க்கும் தலைப்பகுதி வேறு. அதை ப்ரோப் என்பார்கள். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. உடல் திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. வயிற்று ஸ்கேனுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒலி அனுப்பினால், அலைநீளம் 0.44 மில்லிமீட்டர். மார்பகத்துக்கு 12 மெகாஹெர்ட்ஸ் அனுப்பினால், அது 0.13 மில்லிமீட்டர். அலைநீளம் குறையக் குறைய நுணுக்கம் கூடும்; ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. மார்பகத்தில் சில சென்டிமீட்டர் ஆழம் போதும் என்பதால் அது பிரச்சினை இல்லை. எல்லா ஸ்கேன் சென்டரிலும் மார்பகம் பார்க்க மாட்டார்கள் என்பதற்கு இந்த ப்ரோபும், அதில் பழகிய ரேடியாலஜிஸ்ட்டும்தான் காரணம்.

இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராமில் அது வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். ஸ்கேனில் கட்டி பெரும்பாலும் கறுப்பாகத் தெரிவதால் பிரித்துப் பார்ப்பது சுலபம். மேலை நாடுகளைவிட இந்தியப் பெண்களுக்கு இந்த நோய் சராசரியாகப் பத்து வருஷம் போல முன்னதாகவே வருகிறது. அதனால் நமக்கு ஸ்கேன் இன்னும் முக்கியம்.

ஊசியில் இரண்டு ரகம்

ரிப்போர்ட்டில் "எஃப்.என்.ஏ.சி." என்று எழுதியிருந்தால், அது மெல்லிய ஊசி. அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமன், கிட்டத்தட்ட ரத்தம் எடுக்கிற ஊசி அளவு. அது செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும். மலிவு, முடிவும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்று தெரியாது. பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் கேன்சரா, குழாய்ச் சுவரைத் தாண்டிவிட்டதா என்று அதனால் சொல்ல முடியாது.

"கோர் பயாப்ஸி" என்பது தடித்த ஊசி. வழக்கமாக 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டர் சொச்சம். இது திசுவை ஒரு சின்னத் துண்டாகவே வெட்டி எடுக்கும். வீடு இடிந்த பிறகு செங்கல்லை எண்ணுவதற்கும், நிற்கிற சுவரைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டுக்கும். சந்தேகப்படும் கட்டிக்கு இப்போது கோர் பயாப்ஸியைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

எப்படிச் செய்வார்கள்? முதலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அரிசி அளவுக்குத் தோலில் ஒரு சின்னக் கீறல். ஸ்கேன் ப்ரோபை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து ஊசியை நெஞ்சுச் சுவருக்கு இணையாக நகர்த்துவார்கள். இதற்கு இரண்டு காரணங்கள். ஒலி மேலிருந்து வருகிறது. ஊசி படுக்கையாக இருந்தால்தான் எதிரொலி நேராகத் திரும்பி, ஊசி முழுக்கத் திரையில் தெரியும். இரண்டாவது, நுரையீரல் பக்கம் ஊசி போகாது. முனை கட்டியின் ஓரத்தைத் தொட்டதும் விசையைத் தட்டுவார்கள். "டப்" என்று ஒரு சத்தம். ஊசி கண் இமைக்கும் நேரத்தில் சுமார் 2 சென்டிமீட்டர் பாய்ந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தை முன்கூட்டியே ஒரு தடவை கேட்க வைத்துவிட்டால் பல பேருக்குப் பயம் பாதி குறையும்.

இப்படி மூன்று முதல் ஐந்து துண்டுகள். ஊசி கட்டியைத் துளைத்து நிற்கும் படத்தையும் பதிவு செய்துவைப்பார்கள். துண்டுகளை ஃபார்மலின் புட்டியில் போடும்போது ஒன்று கவனிக்கலாம்: வெறும் கொழுப்பு என்றால் மிதக்கும், கட்டித் திசு என்றால் பெரும்பாலும் மூழ்கும். பிறகு பத்து நிமிஷம் போல அழுத்திப் பிடித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். தையல் கிடையாது, தங்கவும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

"கட்டி கைக்கே தட்டுப்படுதே, ஸ்கேன் எதுக்கு?" என்று கேட்கலாம். 2014-ல் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்றுக்காகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கையால் தடவிப் பார்த்து ஊசி போட்டால், நூறு கேன்சரில் 91 பிடிபடுகிறது. ஸ்கேன் பார்த்துப் போட்டால் 99. ஒன்பது பேரைத் தவறவிடுவதற்கும் ஒருவரைத் தவறவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. கைக்குத் தட்டுப்படும் கட்டியிலும் செத்துப்போன திசு, நீர் கோத்த இடம் எல்லாம் இருக்கும். உயிருள்ள பகுதியில் முனை நிற்கிறதா என்று கைக்குத் தெரியாது, திரையில்தான் தெரியும்.

ரிப்போர்ட் எப்படி வரிசையை மாற்றுகிறது

கேன்சர் என்று உறுதியானதும் அதே துண்டுகளில் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 புரதம். ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று வரும். ஹெர்-2 மட்டும் 0, 1, 2, 3 என்று மதிப்பெண்ணாக இருக்கும். 3 என்றால் பாசிட்டிவ், 2 என்றால் இன்னும் தெளிவில்லை, ஃபிஷ் என்ற மேல்பரிசோதனை தேவை.

ஹார்மோன் ஏற்பி உள்ள சின்னக் கட்டி என்றால், பெரும்பாலும் ஆபரேஷன் முதலில், ஹார்மோன் மாத்திரை பிறகு. ஹெர்-2 பாசிட்டிவ், அல்லது மூன்றுமே நெகட்டிவ், கட்டியும் ஓரளவு பெரியது என்றால், இப்போது மருந்து முதலில், ஆபரேஷன் பிறகு. கட்டி சுருங்கினால் மார்பகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு கூடும். அதைவிட முக்கியம், கட்டி உள்ளே இருக்கும்போதே மருந்து வேலை செய்கிறதா என்று நேரடியாகப் பார்க்கலாம். ஆபரேஷனில் மிச்சம் இருந்தால், அடுத்த மருந்தையே மாற்றலாம். கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை. லாக் ஃபைலை அழித்துவிட்டு பக் தேடுகிற மாதிரி.

"அதுவரைக்கும் கட்டியை உள்ளே வெச்சிருந்தா ஆபத்தில்லையா?" அமெரிக்காவில் 1988-ல் தொடங்கி 1,523 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குக் கீமோ முதலில், பாதிப் பேருக்கு ஆபரேஷன் முதலில். ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனால் மார்பகத்தைக் காப்பாற்றிய ஆபரேஷன் 60 சதவீதத்திலிருந்து 68 சதவீதமாகக் கூடியது.

இதற்கு அமெரிக்கா வரை போகவே வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், முற்றிய மார்பகக் கட்டிகளுக்குக் கீமோவும் ரேடியேஷனும் முதலில், ஆபரேஷன் அப்புறம் என்ற முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 1990 முதல் 1999 வரை அங்கே இப்படிச் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் முடிவுகளை டாக்டர் சாந்தா குழுவினர் 2008-ல் வெளியிட்டார்கள். தாமதமாக, பெரிய கட்டியோடு வரும் நம்ம ஊர்ப் பெண்களைப் பார்த்து வளர்ந்த முறை அது. யோசித்துப் பாருங்கள்: சிகிச்சையில் கட்டி முழுக்கக் கரைந்துவிட்டால், ஆபரேஷனில் எடுத்த திசுவில் ஒன்றுமே இருக்காது. அந்த நோய் எந்த ரகம் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி, ஆரம்பத்தில் ஊசியில் எடுத்த அந்த நாலு துண்டுகள்தான்.

கட்டி கரைந்துபோனால் சர்ஜன் எந்த இடத்தை வெட்டுவது? அதற்காகத்தான் ஸ்கேன் பார்த்துக் கட்டிக்குள் சில மில்லிமீட்டர் அளவில் ஒரு உலோகக் கிளிப் வைப்பார்கள். கீமோ தொடங்குவதற்கு முன்னாலோ, கட்டி ரொம்பச் சுருங்குவதற்கு முன்னாலோ வைத்தால்தான் பிரயோஜனம்.

ஆபரேஷன்தான் முதலில் என்று முடிவானாலும் ஊசி வீண் இல்லை. கேன்சர் என்று தெரிந்து வெட்டும் சர்ஜன், சுற்றிலும் நல்ல திசுவோடு சேர்த்து எடுப்பார். அக்குளையும் அதே ஆபரேஷனில் பார்த்துவிடுவார். சாதாரணக் கட்டி என்று நினைத்து நோண்டி எடுத்த பிறகு கேன்சர் என்று ரிப்போர்ட் வந்தால், இரண்டாவது தடவை மேஜையில் ஏற வேண்டும். பயாப்ஸியில் நார்க்கட்டி என்று தெரிந்துவிட்டாலோ, பல பேருக்கு ஆபரேஷனே தேவைப்படாது.

அக்குளில் ஒரு பார்வை

மார்பகம் பார்க்கும்போதே அக்குளிலும் ப்ரோப் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள நெறிகளின் வெளி ஓரம் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சந்தேகம். அதிலும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அங்கே கேன்சர் இருந்தால் நோயின் கட்டமே மாறும், வைத்தியமும் மாறும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அக்குள் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், கேட்டுவிடுவது நல்லது.

சரி, ஊசி குத்தினா பரவுமா?

இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 1999-ல் வெளியான ஒரு ஆய்வில், ஊசி பயாப்ஸிக்குப் பிறகு ஆபரேஷன் செய்த 352 பேரின் திசுவைப் பார்த்தார்கள். 32 சதவீதம் பேருக்கு ஊசி போன பாதையில் கேன்சர் செல்கள் இடம்பெயர்ந்திருந்தன. அப்படியென்றால் ஊரில் சொல்வது சரிதானே?

அதே ஆய்வின் அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும். பயாப்ஸி முடிந்து 15 நாளுக்குள் ஆபரேஷன் செய்தவர்களிடம் இது 42 சதவீதம். 28 நாள் தாண்டியவர்களிடம் 15 சதவீதம். பரவுவதாக இருந்தால் நாளாக ஆகக் கூட வேண்டும், இங்கே குறைகிறது. இடம்பெயர்ந்த செல்களில் பெரும்பாலானவை அங்கே பிழைக்க முடியாமல் செத்துப்போகின்றன என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். ஊசி பயாப்ஸி செய்தவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பி வருவதாகவும் பிந்தைய ஆய்வுகள் காட்டவில்லை. பயாப்ஸிக்குப் பிறகு "பரவிடுச்சு" என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் ஏற்கெனவே பரவியிருந்து, டெஸ்ட் செய்ததால் தெரியவந்தவை. அதோடு, ஊசிக்குப் பயந்து மூணு மாசம் நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டு வருவதில் உள்ள ஆபத்து, ஊசியில் இல்லவே இல்லை.

ஊசி எங்கே ஏமாற்றும்

எந்தச் சாம்பிளிங்குக்கும் எல்லை உண்டு. இதற்கும் உண்டு.

ஒன்று, ஸ்கேனும் பயாப்ஸியும் ஒத்துப்போக வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 5 என்றால் கேன்சராக இருக்கக் குறைந்தது 95 சதவீத வாய்ப்பு. அப்படிப்பட்ட கட்டிக்கு பயாப்ஸி "ஒன்றுமில்லை" என்று வந்தால், சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. ஊசி குறி தவறியிருக்கலாம். மறுபடி எடுக்க வேண்டும்.

இரண்டு, மேமோகிராமில் மட்டும் தெரியும் பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள் பல நேரம் ஸ்கேனில் தெரியாது. அவற்றுக்கு மேமோகிராம் பார்த்தே பயாப்ஸி எடுக்க வேண்டும்.

மூன்று, குழாய்க்குள் அடங்கிய கேன்சர் என்று பயாப்ஸி சொன்னவர்களில், ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஆபரேஷனில் அது வெளியே தாண்டியிருப்பது தெரிகிறது.

நான்கு, கீமோவுக்குப் பிறகு கட்டி மறைந்துவிட்டால், இன்னொரு ஊசி போட்டுப் பார்த்துவிட்டு ஆபரேஷனையே தவிர்க்கலாமா? இதைத் தீவிரமாக ஆராய்கிறார்கள். அமெரிக்காவில் 98 பேரிடம் செய்த ஒரு ஆய்வில், ஆபரேஷனில் மிச்சம் கேன்சர் இருந்தது 36 பேருக்கு. ஊசி அதில் 18 பேரைத்தான் பிடித்தது. பாதிக்குப் பாதி தவறல். 2022-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் இன்னும் தடித்த, உறிஞ்சி எடுக்கும் ஊசியால் தேர்ந்தெடுத்த 50 பேரைச் சோதித்தார்கள். மிச்சம் இல்லை என்று வந்த 31 பேருக்கு ஆபரேஷன் செய்யாமல் ரேடியேஷன் மட்டும் கொடுத்தார்கள். சராசரியாக இரண்டு வருஷத்துக்கு மேல் கவனித்ததில் யாருக்கும் திரும்பவில்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் இன்றைய தேதிக்கு அது ஆய்வுக்குள் மட்டும் நடப்பது. கீமோவில் கட்டி கரைந்தாலும் ஆபரேஷன் உண்டு.

புட்டியும் நேரமும்

நம்ம மாதிரி ஊர்களுக்கு இது முக்கியம். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒன்று மஞ்சவாடி கணவாய் தாண்டி சேலம், இல்லையென்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சின்ன இடத்தில் எடுத்த சாம்பிள் பெரிய ஊர் லேபுக்குப் பயணம் செய்ய வேண்டியிருக்கும். துண்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் சரியான ஃபார்மலினில் விழ வேண்டும். அதில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் இருக்கலாம். வெறும் சலைனில் போட்டு அனுப்பினாலோ, லீவு நாளில் சிக்கி நாலைந்து நாள் புட்டியிலேயே கிடந்தாலோ, ஈ.ஆர்., ஹெர்-2 முடிவுகள் தப்பாக வர வாய்ப்பு உண்டு. தப்பான நெகட்டிவ் வந்தால், வேலை செய்யக்கூடிய ஒரு மருந்து கைநழுவிப் போகும். லேப் எந்த நாட்களில் சாம்பிள் வாங்கும் என்று கேட்டுவிட்டு பயாப்ஸிக்கு நாள் குறிப்பது புத்திசாலித்தனம்.

வீட்டில் அக்காவுக்கோ அம்மாவுக்கோ அத்தைக்கோ கட்டி என்று தெரிந்தால், டாக்டரிடம் கேட்க ஐந்து கேள்விகள்:

1. ஆபரேஷனுக்கு முன்னாடி கோர் பயாப்ஸி எடுக்கறீங்களா, ஸ்கேன் பார்த்தா?
2. அக்குளையும் பார்த்தாச்சா?
3. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூணும் வந்தப்புறம்தானே வைத்தியத்தை முடிவு பண்ணுவோம்?
4. ஸ்கேன் சொன்னதும் பயாப்ஸி சொன்னதும் ஒத்துப்போகுதா?
5. கீமோ முதல்ல என்றால், கிளிப் எப்போ வைப்பாங்க?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தெந்தச் சோதனையும் சிகிச்சையும் அதில் அடங்கும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு உதவி மேஜையில் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தத் துண்டுகளை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டையாக லேபில் வைத்திருப்பார்கள். "பிளாக்" என்பார்கள். சேலத்தில் எடுத்துவிட்டு அடையாறுக்கோ வேலூருக்கோ போவதாக இருந்தால், ரிப்போர்ட் பேப்பரோடு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள். பிளாக்கில் போதுமான திசு இருந்தால், அதிலிருந்தே மறுபடி சீவிப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது ஊசி தேவைப்படாமலே போகலாம்.